பயாப்சி ரிப்போர்ட் ஏன் தாமதமாகிறது? வெட்டியவன் சொல்கிறேன்

போன மாதம் ஒரு நாள் காலை. அணைப் பக்கம் நடந்துவிட்டு, எங்கள் வழக்கமான டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மேட்டூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் முதல் பேச்சு அணையின் நீர்மட்டம்தான். எத்தனை அடி, வரத்து எவ்வளவு, 120 தொடுமா தொடாதா. அன்றைக்கு மட்டும் ஒரு நண்பர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

"என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றேன்.

அவர் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. சேலத்தில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பயாப்சிக்கு அனுப்பி ஆறு நாள் ஆகிறது. ரிப்போர்ட் வரவில்லை.

"ஒரு சதைத் துண்டை வெட்டிப் பார்க்க ஆறு நாளாங்க சார்? நம்ம டேம் மீன் கடையில அஞ்சு கிலோ மீனை அஞ்சு நிமிஷத்துல வெட்டிக் கையில குடுத்துடறான்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், 1977 முதல் 2011 வரை 34 வருடம் நான் செய்த வேலை அதுதான். ஒரு அரசு மருத்துவமனையின் நோய்க்குறியியல் கூடத்தில் சதைத் துண்டுகளை வெட்டி ஸ்லைடாக்கிக் கொடுக்கும் டெக்னீஷியன் நான். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். அவர் பார்ப்பதற்கு ஸ்லைடு தயாரிப்பது எங்களைப் போன்றவர்கள்.

நண்பருக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி தாமதமே இல்லை, வேலை. அந்த வேலையை அவசரப்படுத்தினால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

மீன்காரருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். அவர் விரல் கனத்துக்குத் துண்டு போடுகிறார். நாங்கள் வெட்டுவது சாதாரணமாக 3 முதல் 5 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஒரு வெள்ளைத் தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது நாங்கள் வெட்டும் சீவலை இருபத்தைந்து எண்ணிக்கை அடுக்கினால்தான் ஒரு தாளின் கனம் வரும். நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவின் குறுக்களவே சுமார் 7 மைக்ரான். அதைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் ஊடுருவிப் போய், மைக்ராஸ்கோப்பில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகத் தெரியும்.

பச்சைக் கறியை அப்படிச் சீவ முடியுமா? முடியாது, கொழகொழவென்று நழுவும். அதனால் முதலில் அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்குத்தான் நாட்கள் ஆகின்றன.

எடுத்த சதை முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். அழுகாமல், செல்கள் சிதையாமல் அப்படியே நிறுத்தி வைப்பது அதுதான். கட்டி பெரியது என்றால் குறுக்கே பிளந்துவிட்டு ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் ஃபார்மலின் நடுவே போய்ச் சேராது, வெளியே கெட்டியாகி உள்ளே கெட்டுப்போகும். மார்பகக் கட்டிக்குக் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் என்று உலக அளவில் வரையறை வைத்திருக்கிறார்கள். குறைந்தாலும் கூடினாலும், பிறகு செய்யும் ஹார்மோன் சோதனைகளின் முடிவு தப்பிப்போகலாம்.

அடுத்த நாள் டாக்டர் அதைப் பார்த்து, அளந்து, தேவையான இடங்களிலிருந்து சிறு துண்டுகள் எடுப்பார். அந்தத் துண்டுகளுக்குள் மெழுகை ஏற்ற வேண்டும். சதையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரும் மெழுகும் சேராது. அதனால் படிப்படியாக வீரியம் கூட்டிய ஆல்கஹாலில் போட்டுத் தண்ணீரை வெளியேற்றுவோம். ஆல்கஹாலும் மெழுகும் சேராது. அதனால் சைலீனில் போட்டு ஆல்கஹாலை வெளியேற்றுவோம். கடைசியில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே போய்ச் சைலீனின் இடத்தைப் பிடிக்கும். இது ஒரு ராத்திரி வேலை. மெஷின் வந்த பிறகும் ராத்திரி வேலைதான்.

மூன்றாம் நாள் காலையில் துண்டை மெழுகு அச்சில் வைத்து வார்த்து பிளாக் செய்வோம். இங்கேயே கவனம் வேண்டும். தோல் துண்டு என்றால் நிமிர்த்தி வைக்க வேண்டும், மேல்தோல் முதல் அடிக்கொழுப்பு வரை ஒரே வெட்டில் வர வேண்டும். படுக்க வைத்துவிட்டால் டாக்டர் மேல்தோலை மட்டுமே பார்ப்பார், ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அச்சில் வைக்கும்போது செய்த தப்பை வெட்டும்போது திருத்த முடியாது.

பிறகுதான் மைக்ரோடோம். சக்கரத்தைச் சுற்றினால் பிளாக் கத்தியின்மேல் இறங்கி ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் நாம் வைத்த மைக்ரான் அளவு முன்னே நகரும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் போல வரும். சக்கரம் வைத்த இந்த மாதிரி 1886 வாக்கில் அமெரிக்காவில் மைனாட் என்பவர் வடிவமைத்தது. அதற்குச் சற்று முன்பு, 1885-ல், கேம்பிரிட்ஜில் சார்லஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் ஆடும் கை வைத்த ஒரு மைக்ரோடோம் செய்தார். நான் தொழில் கற்றது அந்த வகை ராக்கிங் மைக்ரோடோமில்தான். நூறு வயதை நெருங்கிய வடிவம், ஆனாலும் வெண்ணெய் மாதிரி வெட்டும்.

அந்தக் காலத்தில் பிளேடைத் தூக்கிப் போடும் வழக்கம் கிடையாது. கனமான எஃகுக் கத்தி. நாங்களே தீட்ட வேண்டும். கல்லில் தீட்டும்போது கூர்முனை முன்னே போக வேண்டும். தோல் வாரில் இழுக்கும்போது முதுகுப் பக்கம் முன்னே போக வேண்டும், சலூன்காரர் சவரக் கத்தியைத் தீட்டுவது போல. மாற்றி இழுத்தால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. ஸ்லைடில் சீவல் ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் கலந்து பசை செய்வோம். முட்டை வாங்கி வருவது என் பொறுப்பு. மஞ்சள் கரு எங்கே போனது என்று யாரும் கேட்காதீர்கள்!

கத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பல் விழுந்திருந்தால் ரிப்பன் முழுக்க ஒரு கோடு விழும். கத்தியோ பிளாக்கோ சரியாக முடுக்கப்படாமல் இருந்தால் ஜன்னல் தட்டி மாதிரி வரிவரியாக வரும். சித்திரை வெயிலில் மெழுகு இளகி, சீவல் நசுங்கிச் சுருங்கும். பிளாக்கை ஐஸ் மேல் வைத்து வைத்து வெட்ட வேண்டும். கனம் கூடிவிட்டால் செல்லின் கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சாதாரணத் திசுகூட கறுத்துப்போய் சந்தேகத்துக்கு இடமாகத் தெரியும். அதே சமயம் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் வெட்டவும் கூடாது. சிறுநீரகப் பயாப்சிக்கு 2 அல்லது 3 மைக்ரான் வேண்டும். அமிலாய்டு என்ற படிவைத் தேடுகிறோம் என்றால் 8 முதல் 10 மைக்ரான் வரை கனமாக வேண்டும், மெல்லிசாக வெட்டினால் சாயம் சரியாகக் காட்டாது.

ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் பிரியும். அப்படியே ஸ்லைடில் ஏந்தி எடுப்போம். இங்கே ஒரு ஆபத்து உண்டு. முந்தைய நோயாளியின் துணுக்கு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால், அது அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். ஒருவருடைய புற்றுநோய் இன்னொருவருடைய ஸ்லைடில். அதனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் பிறகு தண்ணீரின் மேற்பரப்பைத் தாளால் வழித்து எடுக்க வேண்டும். பத்து விநாடி வேலை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இந்தப் பத்து விநாடிதான்.

அவசரம் என்றேனே, அதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1978. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். கை கொஞ்சம் பழகியிருந்தது, அதைவிட அதிகமாகத் திமிர் பழகியிருந்தது. எத்தனை பிளாக் வெட்டினாய் என்பதுதான் எங்களுக்குள் போட்டி. ஒரு நாள் காலையில் குவியலாகக் கிடந்த பிளாக்குகளில் ஒன்று, உணவுக்குழாயிலிருந்து எடுத்த மூன்று துணுக்குகள். கடுகளவுதான் இருக்கும். எந்தப் பிளாக்கையும் முதலில் மேல் மெழுகைச் சீவித் தள்ளி, சதையின் முகம் தெரியும்வரை வர வேண்டும். அதற்குக் கனத்தைக் கூட்டி வைத்து வேகமாகத் தள்ளுவோம். பெரிய துண்டுக்கு அது சரி. நான் இதையும் அதே வேகத்தில் தள்ளினேன். நின்று பார்த்தபோது எதிரே வெறும் மெழுகு. மூன்றில் இரண்டு போய்விட்டது. மூன்றாவதில் ஓரம் மட்டும் மிச்சம். சீவித் தள்ளியதைக் கீழே குப்பையில் தேடினேன். அது கிடைக்கிற பொருளா?

"கருத்துச் சொல்லப் போதுமான திசு இல்லை" என்று ரிப்போர்ட் போனது. டாக்டர் பொய் எழுதவில்லை. ஆனால் திசு ஏன் போதவில்லை என்பது எனக்கும் என் சீனியருக்கும் மட்டும்தான் தெரியும்.

சுமார் மூன்று வாரம் கழித்து அந்த நோயாளி மறுபடி வந்தார். வயதான நெசவாளி. எச்சில்கூட விழுங்க முடியாத நிலை. மறுபடி தொண்டை வழியாகக் குழாய் விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். பாட்டிலைக் கொண்டுவந்த அவரே ஜன்னலில் நின்று என்னிடம் கேட்டார்: "போன தடவை எடுத்தது பத்தலையாமே சாமி?"

நான் தலையை ஆட்டினேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை சீனியரே வெட்டினார். புற்றுநோய்தான். அந்த மூன்று வாரம் அவருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எதுவும் மாறியிருக்காது என்று சீனியர் ஆறுதல் சொன்னார். ஆனால் அந்தக் குழாயை இரண்டாம் முறை விழுங்க வைத்தவன் நான்தான், அதில் சந்தேகமில்லை.

சீனியர் என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் உபயோகமில்லாத பழைய பிளாக்குகளைக் கொடுத்து, முகம் காட்டுவதை மட்டும் பழகச் சொன்னார். துணுக்கு சின்னதாக இருந்தால் மெழுகு ஏற்றும் முன்பே ஒரு சொட்டு இயோசின் சாயம் வைக்கச் சொன்னார், வெள்ளை மெழுகுக்குள் ரோஜா நிறத்தில் தெரியும். சின்ன பயாப்சியில் ஒரு சீவலையும் எறியாதே, வெவ்வேறு ஆழங்களில் எடுத்து வை என்றார். ஓய்வு பெறும் நாள்வரை அதை நான் மீறவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். "சென்னையில் ஆபரேஷன் டேபிளிலேயே அரை மணியில் சொல்லிவிடுகிறார்களாமே?" என்று நீங்களும் கேட்கலாம். உண்மைதான், அது உறைய வைத்து வெட்டும் முறை. 1905-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன் என்ற டாக்டர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெழுகுக்குப் பதில் குளிர். இப்போது கிரையோஸ்டாட் என்ற பெட்டிக்குள் மைனஸ் 20 டிகிரி வாக்கில் வைத்து வெட்டுகிறார்கள். ஆனால் அதற்கு எல்லை உண்டு. உறையும்போது தண்ணீர் பனிப்படிகமாகி செல்களைக் கிழிக்கும். கொழுப்பு அந்தக் குளிரிலும் சரியாக இறுகாது, மார்பகத்திலோ கொழுப்புதான் அதிகம். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் சர்ஜனுக்கு, இன்னும் வெட்டுவதா நிறுத்துவதா என்று சொல்ல அது உதவும். கடைசித் தீர்ப்பை மெழுகு பிளாக்கிலிருந்துதான் எழுதுவார்கள்.

"இனிமேல் ஸ்லைடைக் கம்ப்யூட்டரே படித்துவிடும்" என்று பேரன் சொல்கிறான். படிக்கட்டும், சந்தோஷம். ஆனால் கிழிந்த தாளைக் கொடுத்தால் எந்தப் பண்டிதராலும் படிக்க முடியாது. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில் கருவிலுள்ள குழந்தையின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. 5,132 சீவல்களைப் படம் பிடித்திருக்கிறார்கள். உலகமே பாராட்டியது கம்ப்யூட்டர் படங்களை. எனக்கு அதைப் படித்ததும் தோன்றியது வேறு. 5,132 முறை யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழியாமல், மடியாமல், வரிசை மாறாமல் எடுத்து வைத்திருக்கிறார். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அந்தக் கவனம் இல்லாமல் அது நடந்திருக்காது.

எல்லாத் தாமதத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ரிப்போர்ட் தயாராகி மேஜையில் கிடப்பதும் உண்டு, மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுவதும் உண்டு. அதைக் கேட்கத்தான் வேண்டும். கேட்பதைச் சரியான இடத்தில் கேட்கலாம். ஆட்களைப் போடுங்கள், கடுகளவு பயாப்சிகளைக் காலையிலேயே, பழகிய கையிடம் கொடுங்கள், எத்தனை பிளாக் என்று எண்ணி வேலையை மதிப்பிடாதீர்கள் என்று நிர்வாகங்களைக் கேட்க வேண்டும். வெட்டிக்கொண்டிருப்பவரின் ஜன்னலைத் தட்டி "ஆச்சா, ஆச்சா" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே சிறிய மருத்துவமனைகளில் ஆபரேஷன் முடிந்ததும் பாட்டிலை வீட்டாரிடமே கொடுத்து, சேலத்திலோ ஈரோட்டிலோ உள்ள லேபில் கொடுத்துவிடச் சொல்வது உண்டு. மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவோம். அப்படி உங்கள் கையில் தந்தால் நாலு விஷயம் பாருங்கள். உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். தண்ணீரோ குளுக்கோஸ் பாட்டில் மிச்சமோ கூடாது. சதையைப் போலப் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். பாட்டில் வாய் அகலமாக இருக்க வேண்டும், குறுகிய வாயில் திணித்து ஊறிக் கெட்டியான கட்டியை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெயர்ச்சீட்டு மூடியில் இல்லாமல் பாட்டில் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும், மூடி மாறினால் ஆளே மாறிவிடும். வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் நேரே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அந்த மெழுகு பிளாக்கை லேபில் பல வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால், எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கலாம். அடையாறு போனாலும் வேலூர் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மறுபடி ஊசி, மறுபடி கத்தி என்று உடம்பைப் படுத்த வேண்டியதில்லை. கட்டைவிரல் அளவு மெழுகு, ஆனால் வீட்டுப் பத்திரத்தைப் போல முக்கியமானது.

நண்பரின் மனைவிக்கு எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. ஹார்மோன் சோதனையும் சேர்த்துச் செய்ததால்தான் இரண்டு நாள் கூடியிருக்கிறது. சிகிச்சை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா தைரியமாக இருக்கிறார், இவர்தான் இளைத்துப்போனார்.

டீக்கடையில் அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினார். படித்துவிட்டு, "நல்லா வெட்டியிருக்காங்க, ஓரமெல்லாம் தெளிவாப் பார்த்து எழுதியிருக்காரு டாக்டர்" என்றேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டினவங்க பேரு எங்கேயும் காணோமுங்களே சார்?"

"அது இருக்காதுங்க" என்றேன்.

அடுத்த முறை உங்களில் யாராவது லேப் ஜன்னலில் நிற்க நேர்ந்தால், உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பவரைக் கொஞ்சம் பொறுமையாக வெட்டவிடுங்கள். மற்றவை அடுத்த பதிவில்.